வேண்டுவது வேறு, இனிப்பது வேறு

2022 ஆடி மாதத்தில் ஒரு ராத்திரி, மணி ரெண்டு இருக்கும், அம்மாவிடமிருந்து போன். அந்த நேரத்துக்கு ஊரிலிருந்து போன் வந்தால் எல்லோரும் எதை நினைப்பார்களோ அதைத்தான் நானும் நினைத்தேன். அம்மா குரலைத் தணித்துக்கொண்டு பேசினாள்.

"உங்கப்பா இன்னும் தூங்கலடா. தெனமும் இப்பிடித்தான். திண்ணையில போயி ஒக்காந்துக்கினு போனையே தேச்சிக்கினு இருக்காரு. என்னான்னு கேட்டா எரிஞ்சி வுழறாரு."

அப்பாவுக்கு அப்போது 64 வயது. பார்க்கின்சன் நோய் என்று தெரிந்து மூன்றாவது வருடம். அந்தப் போனை வாங்கிக் கொடுத்தது நான்தான்.

அந்த வாரக் கடைசியில் பெங்களூரிலிருந்து விழுப்புரம் வந்து, செஞ்சி பஸ் பிடித்து மண்டகப்பட்டில் இறங்கினேன். அப்பா குளிக்கப் போன நேரத்தில் போனைத் திறந்து பார்த்தேன். ரம்மி. நாலு மாதத்தில் 1,80,000 ரூபாய் போயிருந்தது. மல்லாட்டை விற்ற பணம், அதற்குமேல் சொசைட்டியில் வாங்கிய கடன், அம்மாவுக்கே தெரியாமல் அடகுக்குப் போன அவளுடைய ஒரு ஜோடி தோடு.

எனக்குக் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். பொங்கலுக்கு ஊரே வேப்பமரத்தடியில் சீட்டு போடும்போது, "வேல வெட்டி இல்லாதவனுங்க" என்று மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லிக்குப் போகிற ஆள் அவர். பீடி கிடையாது, குடி கிடையாது. லாட்டரி இங்கே 2003இல் தடை செய்யப்படுவதற்கு முன்னால் டீக்கடை தோறும் சீட்டு தொங்கும். அப்போதுகூட ஒன்று வாங்கியதில்லை.

சாயங்காலம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பார் போல. ரொம்ப நேரம் கழித்து அவரே சொன்னார்:

"ஆடும்போது சந்தோசமாவே இல்லடா. ஜெயிச்சாகூட ஒண்ணும் தோணல. ஆனா கைய எடுக்க முடியல."

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த மூன்று வாக்கியங்கள்தான்.

*

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நான் வேலை பார்ப்பது ஒரு ஷாப்பிங் ஆப்பில். சூதாட்டம் இல்லை. ஆனால் எங்கள் ஆப்பிலும் ஒரு சுரண்டல் அட்டை உண்டு. பொருள் வாங்கி முடித்ததும் திரையில் ஒரு வெள்ளி அட்டை வரும், விரலால் தேய்த்தால் பரிசு தெரியும். பெரும்பாலும் "அடுத்த முறை முயலுங்கள்". எப்போதாவது 20 ரூபாய். அபூர்வமாக 500.

அந்த அட்டையின் நிரலில் ஒரு பகுதி நான் எழுதியது. பரிசு என்ன என்பது அட்டை வரும்போதே முடிவாகிவிட்ட ஒன்று. இருந்தாலும் தேய்த்து முடித்த பிறகு அரை நொடித் தாமதம் வைத்தோம். தாமதம் உள்ளது, இல்லாதது என்று இரண்டையும் ஓடவிட்டுப் பார்த்ததில் தாமதம் உள்ளதுதான் ஜெயித்தது. ஜனங்கள் மறுநாள் திரும்பி வந்தார்கள். இந்தத் திரும்பி வருதலை எங்கள் மீட்டிங்குகளில் "பயனர் மகிழ்ச்சி" என்ற தலைப்பின் கீழே வரைபடமாகப் போடுவோம். அந்த வரைபடம் ஏறினால் கேக் வெட்டுவோம்.

அப்பா சொன்னதைக் கேட்ட பிறகு அந்தத் தலைப்பை என்னால் பழையபடி படிக்க முடியவில்லை. அவரும் தினமும் திரும்பி வந்தவர்தான். அந்த ரம்மி கம்பெனியின் மீட்டிங்கில் யாரோ ஒருவர் அவரையும் ஒரு மகிழ்ச்சியான பயனராக எண்ணியிருப்பார்.

*

ரெண்டு மூணு வாரம் ராத்திரியெல்லாம் படித்தேன். எஞ்சினியரிங் படித்தவனின் வியாதி இது, அழ வேண்டிய இடத்தில் ஆய்வுக் கட்டுரை தேடுவது.

1954இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர் எலியின் மூளைக்குள் மெல்லிய மின்கம்பி செருகினார்கள். ஒரு கட்டையை அழுத்தினால் மூளையின் குறிப்பிட்ட பகுதிக்குச் சின்ன மின்துடிப்பு போகும். எலிகள் மணிக்கு நூற்றுக்கணக்கான முறை அழுத்தின. மூளையின் "இன்ப மையம்" கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று உலகம் பேசியது. பின்னால் அந்தப் பாதையில் முக்கியமாக ஓடும் வேதிப்பொருள் டோபமைன் என்று தெரியவந்ததும் டோபமைனுக்கு "மகிழ்ச்சி வேதிப்பொருள்" என்று பெயர் வந்தது. இன்றைக்கும் இன்ஸ்டாகிராம் ரீல்களில் அந்தப் பெயரோடுதான் அது உலவுகிறது.

ஒரு கேள்வியை மட்டும் அப்போது பலரும் கேட்கவில்லை. எலி கட்டையை அழுத்துகிறது, சரி. அதற்கு அது பிடித்திருக்கிறது என்று எப்படித் தெரியும்?

1980களின் இறுதியில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் என்பவர் எலியின் மூளையில் டோபமைனை ஏறக்குறைய முழுவதும் அழித்துவிட்டுப் பார்த்தார். அந்த எலிகள் எதையும் தேடிப் போகவில்லை. எதிரே உணவு இருந்தாலும் தின்னாமல் கிடந்தன, குழாய் வழியாக ஊட்டித்தான் உயிரோடு வைக்க வேண்டியிருந்தது. டோபமைன்தான் இன்பம் என்றால் அவற்றுக்குச் சர்க்கரை இனிக்கவே கூடாது. வாயில் சர்க்கரைத் தண்ணீரை விட்டபோது சாதாரண எலிகளைப் போலவே உதட்டை நக்கின. பிறந்த குழந்தையின் நாக்கில் இனிப்பைத் தடவினால் அது செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

அதாவது மூளையில் இரண்டு விஷயம் நடக்கிறது. ஒன்று "வேண்டும்". இன்னொன்று "இனிக்கிறது". டோபமைன் முதலாவதை நடத்துகிறது, அது பரவலான, வலுவான அமைப்பு. இரண்டாவதற்குப் பொறுப்பானவை, மூளை தானே சுரக்கும் அபின் போன்ற வேதிப்பொருட்கள் வேலை செய்யும் சில சின்ன இடங்கள். எலியின் மூளையில் அப்படி ஓர் இடம் ஒரு கன மில்லிமீட்டர் அளவுதான். சாதாரண நாட்களில் இவை இரண்டும் ஒட்டியே நடக்கின்றன, பசிக்கிறது, சாப்பிடுகிறோம், ருசிக்கிறது. அதனால் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் இரண்டையும் பிரிக்க முடியும். இனிக்காமலே வேண்டும் என்று மட்டும் ஆகிவிட முடியும்.

*

அப்பாவின் நோய் டோபமைன் நோய். நடுமூளையில் கருப்பாகத் தெரிகிற ஒரு பட்டை இருக்கிறது; அதில் டோபமைன் தயாரிக்கும் செல்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. கணிசமானவை போன பிறகுதான் கை நடுங்கத் தொடங்கும். இழந்ததை ஈடுகட்ட லெவோடோபா கொடுப்பார்கள். நம் வேலிகளில் படரும் பூனைக்காலியின் விதையில் இயற்கையாகவே இருக்கிற அதே பொருள்தான். அதோடு சிலருக்கு, டோபமைனைப் போலவே நடிக்கிற இன்னொரு வகை மருந்தும் தருவார்கள். பிரமிபெக்சோல் அதில் ஒன்று. அப்பாவின் சீட்டில் அது இருந்தது, அந்த வருடம் மாசி மாதத்தில் அளவும் கூட்டப்பட்டிருந்தது.

இந்த வகை மருந்து கை கால் அசைவுக்கான பகுதியோடு நின்றுகொள்வதில்லை. "வேண்டும்" என்பதை நடத்தும் பகுதியையும் போய்த் தட்டுகிறது. 2010இல் வெளியான ஓர் ஆய்வில் 3,090 பார்க்கின்சன் நோயாளிகளைப் பரிசோதித்தார்கள். இந்த வகை மருந்து எடுப்பவர்களில் 17.1 சதவீதம் பேருக்குச் சூதாட்டம், கண்மூடித்தனமாகப் பொருள் வாங்குதல், அடங்காத தீனி, அடங்காத காமம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாவது இருந்தது. எடுக்காதவர்களில் 6.9 சதவீதம்.

இந்த எண்ணைப் படித்தபோது ராத்திரி மூணு மணி. எழுந்து போய் முகம் கழுவினேன். மருந்தை எழுதியபோது யாரும் எங்களிடம் இதைச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை, என்ன கேட்பது என்றே தெரியாது.

சரி, ஏன் ரம்மி? ஏன் இன்னொரு ஏக்கர் மல்லாட்டை போட வேண்டும் என்று தோன்றவில்லை? அதற்கும் ஒரு பதில் கிடைத்தது. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்பவர் குரங்குகளின் டோபமைன் செல்களைக் கவனித்தவர். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் செல் துடிக்கிறது. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு விளக்குக்கே துடிக்கிறது, சாறுக்குத் துடிப்பதில்லை. வரவேண்டிய சாறு வராவிட்டால் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே விழுகிறது. செல் அளப்பது சாற்றை இல்லை, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. 1997இல் வந்த இந்தச் சமன்பாட்டைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, கணினிக்குச் செஸ் கற்றுக்கொடுக்கும் நிரல்களில் நாங்கள் பயன்படுத்தும் அதே வாய்ப்பாடு. 2003இல் அதே குழு இன்னொன்றும் கண்டது. சாறு கிடைக்குமா கிடைக்காதா என்பது சரிபாதி நிச்சயமின்மையில் இருக்கும்போதுதான், காத்திருக்கும் அந்த இடைவெளியில், செல்களின் துடிப்பு அதிகமாக ஏறுகிறது.

என்னுடைய அரை நொடி.

மல்லாட்டை 105 நாள் கழித்துத்தான் பதில் சொல்லும். சீட்டு அடுத்த நொடியே சொல்லிவிடும், அதுவும் பாதி நேரம் இல்லை என்று. திருக்குறளில் சூது அதிகாரத்தின் கடைசிக் குறள் இதைத்தான் உவமையாக எடுத்துக்கொள்கிறது, இழக்க இழக்க ஆசை கூடுகிற பொருள் சூது என்று. வள்ளுவருக்கு மின்கம்பி தேவைப்படவில்லை, சூதாடுகிறவனைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பார் போல.

அந்த அக்டோபரில் தமிழக அரசு இணையச் சூதாட்டத்துக்கு எதிராக அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அடுத்த வருடம் அது சட்டமாகி, பிறகு சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமைக்கான ஆட்டங்கள் என்று சொல்லி அவற்றை மட்டும் தடையிலிருந்து விடுவித்தது. வாதம் முழுக்கத் திறமையா அதிர்ஷ்டமா என்பதைச் சுற்றித்தான். எங்கள் திண்ணையில் நடந்தது இரண்டும் இல்லை.

*

புதுச்சேரியில் வேறொரு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வியே, "ஐயா, சீட்டு கீட்டு ஆடுறீங்களா?" அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "இது உங்க தப்பு இல்லீங்க. மாத்திரையோட வேல. ஆனா நீங்களா நிறுத்திடாதீங்க, அதுவும் ஆபத்து" என்று சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் குறைத்தார்.

ஏழெட்டு வாரத்தில் ரம்மி போய்விட்டது. ஃபேன் சுவிட்சை அணைத்தால் இறக்கை சுற்றிச் சுற்றி நிற்குமே, அப்படி. அப்பா போனை அம்மாவிடமே கொடுத்துவிட்டார்.

ஆனால் கூடவே வேறு எதுவும் வேண்டாம் என்றும் ஆகிவிட்டது. கொல்லிப் பக்கம் போகவில்லை. பேப்பர் படிக்கவில்லை. தாகம் எடுத்தால்கூடத் தண்ணீர் கேட்க மாட்டார். முகம் இறுகிக்கிடந்தது, அந்த நோயில் முகத் தசைகளும் இறுகும். என் தங்கை, "ரம்மி ஆடுனப்பவாச்சும் உசுரா இருந்தாரு அண்ணா" என்று போனில் அழுதாள். நான் பதில் சொல்லவில்லை. நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மல்லாட்டை பிடுங்கிய சமயம். பக்கத்துக் கொல்லிக்காரர் ஒரு கூடை பச்சைக் காய் கொண்டுவந்து போட்டார். அம்மா உப்புப் போட்டு அவித்தாள். தட்டை முன்னால் வைத்தாள், அப்பா கையே நீட்டவில்லை. அம்மா ஒன்றை உடைத்து, அந்தச் சாறோடு அவர் வாயில் போட்டாள். அப்பா கண்ணை மூடினார். நாக்கு மெதுவாக உதட்டைத் தடவியது. இறுகிய முகத்துக்கு உள்ளே எங்கோ ஒரு தளர்வு.

"நம்மூட்டு மண்ணு காயி மாதிரியே இருக்குது" என்றார்.

நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். பெரிட்ஜின் எலியைப் பற்றிப் படித்தபோது எனக்கு அழுகை வரவில்லை. "வேண்டும்" போய்விட்டது, "இனிக்கிறது" அங்கேயே இருக்கிறது, பத்திரமாக. இனிமேல் அவருக்காக வேண்டுவதை வேறு யாராவது செய்ய வேண்டும், அவ்வளவுதான். அம்மா அதைப் படிக்காமலே தெரிந்துகொண்டாள். காலையில் அவர் கேட்காமலே வெயிலில் நாற்காலி போடுவாள், ஊரார் யாராவது வந்தால் அவர் பக்கத்தில் உட்கார வைப்பாள். லெவோடோபாவின் நேரத்தை மருத்துவர் மாற்றியமைத்த பிறகு தை மாதம் வாக்கில் அவரே கொல்லி வரைக்கும் நடக்க ஆரம்பித்தார்.

*

வகை வகையான சந்தோஷங்கள் மூளையில் வேறு வேறு இடத்தில் இருக்கும், அதைப் படமெடுத்தால் எது நல்லது எது கெட்டது என்று தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையோடுதான் படிக்க ஆரம்பித்தேன். அப்படி இல்லை. சங்கீதம் கேட்டு மயிர்க்கூச்செறியும் உச்சத்தில் எந்தப் பகுதியில் டோபமைன் சுரக்கிறதோ, பணம் கிடைக்கும்போது துடிப்பதும் அந்தப் பகுதிதான் என்று 2011இல் மெக்கில் ஆட்களே காட்டினார்கள். இளையராஜா பாட்டில் அந்த வயலின் வரப்போகிறது, வரப்போகிறது என்று காத்திருப்போமே, அந்தக் காத்திருப்புக்கு ஒரு பகுதி, வந்து சேர்ந்ததற்குப் பக்கத்திலேயே இன்னொன்று. 2006இல் வந்த ஒரு ஆய்வு, தர்மத்துக்குப் பணம் கொடுக்கும்போதும் பணம் வாங்கும்போதும் இதே பாதைதான் வேலை செய்கிறது என்றது. கொடுக்கும்போது மட்டும் கூடுதலாக இன்னோர் இடம். ஸ்கேன் படத்தில் வள்ளலும் சூதாடியும் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் ஒளிர்கிறார்கள்.

அப்போதுதான் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை எடுத்தேன். கல்லூரியில் மெஷின் லேர்னிங் படித்தவனுக்கு அது ஒரு வகைப்படுத்தும் பட்டியலாகத்தான் முதலில் கண்ணில் பட்டது. எட்டு மெய்ப்பாடுகள், ஒவ்வொன்றும் பிறக்கும் நாலு நாலு இடங்கள். நாம் பொத்தாம்பொதுவாகச் சந்தோஷம் என்று சொல்வது அங்கே ஒன்றாக இல்லை. உவகை என்று ஒன்று, அது செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்ற நாலிலிருந்து வருகிறது. பெருமிதம் தனி, அதற்குக் கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை. வியப்பைச் சொல்லும் மருட்கை தனி. சிரிப்பு தனி. கொடுப்பதன் நிறைவையும் விளையாடுவதன் குதூகலத்தையும் ஒரே பெட்டியில் போட அவர் மறுத்திருக்கிறார்.

இரண்டு விஷயம் என்னை நிறுத்தின. ஒன்று, மெய்ப்பாடு என்ற சொல்லே. மனதில் உள்ளது மெய்யில், உடம்பில், படுவது. கட்டையை எத்தனை தடவை அழுத்தியது என்று எண்ணியவர்கள் எலியைத் தவறாகப் படித்தார்கள். அதன் உதட்டைப் பார்த்தவர் சரியாகப் படித்தார். நாங்கள் ஆபீசில் எண்ணுவது அழுத்தல்களை. இன்னொன்று, உவகையைச் சொல்லும்போது அது துன்பம் நீங்கியதாக இருக்க வேண்டும் என்று ஓர் அடைமொழி போடுகிறார். விளையாட்டு உவகைதான், ஆனால் அந்த நிபந்தனையோடு. அப்பாவின் ரம்மியை அந்தச் சல்லடையில் போட்டால் தங்காது. அது விளையாட்டாகவே இல்லை.

*

போன மாசி மாதம் அப்பாவைக் குடைவரைக்கு அழைத்துப் போனேன். ஊருக்கு வெளியே தனிப் பாறையில் மகேந்திரவர்மன் குடைந்தது. முதலாம் மகேந்திரன், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். பல்லவர் குடைவரைகளிலேயே பழையது இது என்று கருதும் ஆய்வாளர்கள் பலர். அங்கே பல்லவ கிரந்தத்தில் ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மன், சிவன், விஷ்ணு மூவருக்கும் விசித்திரசித்தன் என்ற அரசன் இதை உருவாக்கினான் என்று அது சொல்கிறது. புதுமையில் கிறுக்குப் பிடித்த மனம் கொண்டவன், விசித்திரசித்தன். அதே ஆளுக்கு மத்தவிலாசன் என்றும் பட்டப்பெயர் உண்டு, மயக்கத்தில் திளைப்பவன். அந்தப் பெயரிலேயே ஒரு கேலி நாடகம் எழுதினான், குடிகாரக் காபாலிகன் ஒருவன் தொலைத்துவிட்ட மண்டையோட்டுப் பிச்சைப் பாத்திரத்தைத் தேடிக் காஞ்சித் தெருவெல்லாம் அலையும் கதை. குணபரன் என்று மூன்றாவதாக ஒரு பெயர். ஒரே மண்டைக்குள் இத்தனை பேர். தனக்குள் எத்தனை விதமான சந்தோஷம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துப் பெயர் வைத்துக்கொண்டவன் என்று எனக்குத் தோன்றும்.

முகப்பில் இரண்டு பக்கமும் காவலர்கள். நடுவில் இரண்டு தூண். தூணுக்கு இடையில் நுழையும் இடத்தில் அப்பாவுக்குக் கால் உறைந்துவிட்டது. பார்க்கின்சனில் இது சகஜம், வாசற்படி வந்தால் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். மனம் போ என்கிறது, கால் போகாது. இழுக்கக் கூடாது, விழுந்துவிடுவார். என் காலை அவருக்குக் குறுக்கே கோடு மாதிரி நீட்டி, "இதத் தாண்டுங்கப்பா" என்றேன். தாண்டுவதற்கு ஒன்று கண்ணில் தெரிந்தால் மூளை வேறு வழியைப் பிடித்துக்கொள்ளும். தாண்டினார்.

உள்ளே போய் உட்கார்ந்தோம். கருங்கல் குளுமை. அவர் தூணைத் தடவிக்கொண்டே இருந்தார். கையின் நடுக்கம் கல்லில் பட்டு நின்றது, எடுத்தால் மறுபடி நடுங்கியது. பிறகு எதிரே இருந்த மூன்று கருவறைகளையும் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார். மூன்றும் காலி.

"கல்வெட்டுல என்னா போட்டுருக்கான்?"

சொன்னேன்.

"செங்கல்லு இல்ல. மரம் இல்ல. இரும்பு இல்ல, சுண்ணாம்பு இல்ல." விரல் விட்டு எண்ணினார். "கடசில சாமியும் இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். இறுகிய முகத்தில் சிரிப்பு முழுசாக வராது, தோள்தான் குலுங்கும். குலுங்கியது. நானும் சிரித்தேன், குகை ரெண்டு பேரின் சிரிப்பையும் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டது.

வேலையை விட்டுவிட்டேன் என்று எழுதினால் கட்டுரை நன்றாக முடியும். விடவில்லை, வீட்டுக்கடன் இருக்கிறது. அந்த அரை நொடியை எடுத்துவிடலாம் என்று ஒரு மீட்டிங்கில் சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். அப்பாவைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. எண்கள் கேட்டார்கள், என்னிடம் இருந்த எண்கள் எல்லாம் எதிர்த்தரப்பு எண்கள். வரைபடத்தின் தலைப்பையாவது மாற்றலாம் என்றேன், "திரும்பி வருகை" என்று போடுவோம், மகிழ்ச்சி என்று வேண்டாம். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. மாற்றினோம்.

அன்றைக்குக் குகையை விட்டு வெளியே வரும்போதும் அதே இடத்தில் அப்பாவின் கால் நின்றது. நான் காலை நீட்டும் முன்னால் அவரே குனிந்து பார்த்து, "எங்கடா உங்கோடு?" என்று கேட்டார்.